ஒரு கட்டையில் மூன்று சுரங்கள்



ஆர்மோனியப் பெட்டியை நீங்கள் அறிவீர்கள். பஜனை மடத்திலும், நாடக மேடையிலும், பள்ளிக்கூடத்து இறைவணக்கத்திலும் நெடுநாள் பழகிய கருவி அது. சற்று உயர்ந்த விலையுள்ள பெட்டிகளில் 'கப்ளர்' என்று ஓர் அமைப்பு உண்டு. அதை இயங்கச் செய்துவிட்டு ஒரு கட்டையை அழுத்தினால், ஒரு ஸ்தாயி தள்ளியிருக்கும் அதே சுரத்தின் கட்டையும், எவரும் தொடாமலேயே, தானாகத் தாழும். இதை முதன்முறை பார்க்கும் சிறுவர்கள் கண்ணுக்குத் தெரியாத ஒருவர் எதிரே அமர்ந்து வாசிக்கிறார் என்றே எண்ணிக்கொள்வர். உள்ளே இருப்பதோ இரு கட்டைகளையும் இணைக்கும் சில கம்பிகளும் நெம்புகோல்களுமே. ஒரு விரல் இட்ட கட்டளையை இரண்டு சுரங்கள் சேர்ந்து நிறைவேற்றுகின்றன, ஓசையும் கனத்துவிடுகிறது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இந்த அமைப்பின் தொடர்ச்சியே ஆகும். கருவிதான் வேறு. மின்சாரத்தால் ஒலியை ஆக்கும் சிந்தசைசர் என்னும் கருவியில், ஒரு விரலால் ஒரு கட்டையை அழுத்தி மூன்று, நான்கு, ஆறு சுரங்களைக் கூட ஒலிக்கச் செய்யலாம். அதற்கு இரண்டு வழிகள் உள்ளன. சுரக்கூட்டு ஒன்றைக் கருவியின் நினைவில் சேமித்து வைப்பது ஒரு வழி. ஒரே கட்டையின் மேல் பல ஒலிகளை அடுக்குவது மற்றொரு வழி. இரண்டையும் ஒன்றென மயங்குவோர் பலர். அவை எங்கே ஒன்றாகின்றன, எங்கே பிரிகின்றன என்பதைச் சிறிது பொறுமையோடு ஆராய்வோம்.

சுரக்கூட்டு என்று நான் சொல்வதை மேனாட்டு இசையில் 'கார்டு' என்பர். கார்டு என்றவுடன் அஞ்சலகத்துக் கார்டு நினைவுக்கு வருமாதலால், நான் சுரக்கூட்டு என்றே சொல்லிச் செல்கிறேன். நம் இசையில் சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவன; மாலையில் பூக்கள் வருவதைப் போல. மேனாட்டு இசையிலோ மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்து, அந்தக் கூட்டையே ஓர் உறுப்பாகக் கொண்டு இசையை நடத்துவர். ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் பெருங்கூட்டு. காந்தாரத்தை ஓர் அரைச்சுரம் தாழ்த்திச் சாதாரண காந்தாரமாக்கினால் சிறுகூட்டு. முன்னது தெளிந்த முகம் போலும், பின்னது சற்று வாடிய முகம் போலும் இருப்பதாக அவர்கள் கூறுவர். அரைச்சுரக் கணக்கில் சொன்னால், பெருங்கூட்டு 0, 4, 7. சிறுகூட்டு 0, 3, 7. இந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சு முழுவதும் இவற்றைச் சுற்றியே செல்லும்.

இனிக் கருவியைப் பார்ப்போம். அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மூக் என்பாரின் நிறுவனம் 1970-இல் வெளியிட்ட மினிமூக் என்னும் சிந்தசைசர் புகழ்பெற்றது. அதில் ஒரு நேரத்தில் ஒரு சுரமே வாசிக்க இயலும். பத்து விரல்களையும் வைத்தாலும் ஒலிப்பது ஒன்றுதான். ஆனால் அந்த ஒரு சுரத்தை ஆக்குவதற்கு உள்ளே மூன்று அலையியற்றிகள் இருந்தன. மூன்றையும் ஒரே சுருதியில் வைத்தால் ஓசை தடிக்கும். ஒன்றை ஷட்ஜத்திலும், மற்றொன்றைக் காந்தாரத்திலும், மூன்றாவதைப் பஞ்சமத்திலும் திருகி வைத்தால், ஒரு விரலுக்கு ஒரு பெருங்கூட்டு கிடைக்கும். சுரக்கூட்டைச் சேமித்து வைக்கும் எண்ணத்தின் பழைய வடிவம் இதுவே எனலாம். சேமித்தது நினைவகம் அன்று. திருகிய குமிழ் நின்ற இடமே அந்த நினைவு. வேறு கூட்டு வேண்டுமானால் மீண்டும் திருக வேண்டும். அரங்கில் இருநூறு பேர் காத்திருக்கையில் அது எளிதன்று.

1978-இல் டேவ் ஸ்மித் என்பார் கலிபோர்னியாவில் ஆக்கிய புராபெட்-5 என்னும் கருவி நிலைமையை மாற்றியது. அதில் ஐந்து குரல்கள். ஐந்து சுரங்களைச் சேர்த்து வாசிக்கலாம். நுண்செயலி ஒன்று உள்ளே அமர்ந்து, குமிழ்களின் நிலைகளை 40 ஒலிகளுக்கு எண்களாகக் குறித்து வைத்துக்கொண்டது. அதற்கு முன்பு வாசிப்போர் குமிழ் நின்ற இடங்களைத் தாளில் படம் எழுதி வைத்துக்கொண்டனர். புராபெட்டின் விலை ஏறக்குறைய 4000 டாலர். மூன்றாண்டு கழித்து, 1981-இல், ஜப்பானின் கோர்க் நிறுவனம் அதில் பாதி அளவே விலையுள்ள பாலிசிக்ஸ் என்னும் கருவியை வெளியிட்டது. ஆறு குரல்கள், 61 கட்டைகள், 32 ஒலிகளுக்கான நினைவு. அதன் முகப்பில் ஒரு சிறு பொத்தான். சுரக்கூட்டு நினைவு என்பது அதன் பெயர்.

அதைக் கையாளும் முறை எளிது. விரும்பிய சுரங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அந்தப் பொத்தானை அழுத்த வேண்டும். அதன்பின் எந்தக் கட்டையை ஒற்றை விரலால் தொட்டாலும், பிடித்த கூட்டு அந்தக் கட்டைக்கு இடம்பெயர்ந்து ஒலிக்கும். ஒரு நேரத்தில் ஒரு கட்டைதான். இஃது ஏன் என்று கணக்குத் தெரிந்த மாணவர் உடனே சொல்லிவிடுவர்: இருக்கும் குரல்கள் ஆறு, நான்கு சுரங்கள் கொண்ட கூட்டை இரண்டு கட்டைகளில் கேட்டால் எட்டுக் குரல்கள் வேண்டும்.

கருவி எதை நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதே இங்கே கேட்கத் தக்க கேள்வி. வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் படிப்பதைப் போல, நுண்செயலி ஒவ்வொரு கட்டையையும் வரிசையாக 'அழுத்தப்பட்டிருக்கிறாயா?' என்று கேட்டுக்கொண்டே போகிறது. 61 கட்டைகளையும் கேட்டு முடித்தவுடன் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. இந்தச் சுற்று ஒரு நொடிக்குள் பலமுறை நடந்துவிடுவதால் நமக்குத் தாமதம் தெரிவதில்லை. ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் எண் உண்டு. நடு ஷட்ஜத்தை 60 என்று கொள்வோம். 60, 64, 67 ஆகிய கட்டைகளைப் பிடித்து நீங்கள் பொத்தானை அழுத்தினால், கருவி சேமித்துக்கொள்வது 60-ஐயும் அன்று, 64-ஐயும் அன்று. அடிச்சுரத்திலிருந்து எவ்வளவு தொலைவு என்பதையே அது சேமிக்கிறது: 0, 4, 7. பிறகு 62-ஆம் கட்டையைத் தொட்டால் 62, 66, 69 என்று கூட்டிக் குரல்களுக்கு அனுப்பிவிடும். கருவியின் நினைவு முழுவதும் இவ்வளவே. அது தொலைவை அறியும்; ராகத்தை அறியாது.

இதனால் விளைவது யாது? சங்கராபரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேனாட்டாரின் மேஜர் சுரவரிசையும் அதுவே ஆதலால், இந்தக் கணக்குக்கு அது பொருத்தமானது. ஷட்ஜம் 0, சதுசுருதி ரிஷபம் 2, அந்தர காந்தாரம் 4, சுத்த மத்தியமம் 5, பஞ்சமம் 7, சதுசுருதி தைவதம் 9, காகலி நிஷாதம் 11. இந்த ஏழு எண்களே ராகத்துக்கு உரியவை. இப்போது பெருங்கூட்டைச் சேமித்துவிட்டு, ஒற்றை விரலால் ஏழு சுரங்களிலும் நடந்து பாருங்கள்.

ஷட்ஜத்தில் 0, 4, 7. யாவும் ராகத்தைச் சேர்ந்தவை. ரிஷபத்துக்கு ஏறுங்கள்: 2, 6, 9. இந்த 6 எது? பிரதி மத்தியமம்! சங்கராபரணத்தின் வீட்டுக்குள் கல்யாணியின் சுரம் அழைப்பின்றி நுழைந்துவிட்டது. காந்தாரத்தில் 4, 8, 11. அங்கே சுத்த தைவதம் வந்து நிற்கிறது. மத்தியமத்தில் 5, 9, 12; குற்றமில்லை. பஞ்சமத்தில் 7, 11, 14, அதுவும் நன்று. தைவதத்தில் 9, 13, 16 என்று சுத்த ரிஷபம் தலைகாட்டுகிறது. நிஷாதத்திலோ 11, 15, 18. சாதாரண காந்தாரமும் பிரதி மத்தியமமும் ஆக இரண்டு அயலார். எனவே ஏழு இடங்களில் பெருங்கூட்டு பொருந்துவது ஷட்ஜம், மத்தியமம், பஞ்சமம் என்னும் மூன்றே இடங்களில்.

சிறுகூட்டைச் சேமித்தால் நிலை தலைகீழாகிறது. ரிஷபத்தில் 2, 5, 9; காந்தாரத்தில் 4, 7, 11; தைவதத்தில் 9, 12, 16. மூன்றும் செவ்வையாகப் பொருந்துகின்றன. பெருங்கூட்டு இடறிய மூன்று இடங்களிலும் சிறுகூட்டு நிற்கிறது. நிஷாதம் மட்டும் இரண்டுக்கும் இடம் தருவதில்லை. 11, 14, 18 என்று அங்கே பிரதி மத்தியமம் வந்துவிடும். மேனாட்டு இசை பயிலும் பிள்ளைகள், முதல், நான்கு, ஐந்தாம் இடங்களில் பெருங்கூட்டு, இரண்டு, மூன்று, ஆறாம் இடங்களில் சிறுகூட்டு என்று மனப்பாடம் செய்வது இந்தக் கணக்கையேதான். மனப்பாடம் செய்தவனுக்கு அது விதி. கூட்டிப் பார்த்தவனுக்கு அது காரணத்தோடு விளங்கும்.

ஆகவே, 'பொத்தானை அழுத்தினால் வித்தை வந்துவிடும்' என்று விளம்பரம் செய்வோரை நான் நம்புவதில்லை. 'பொத்தான் வந்தபின் வித்தை அழிந்தது' என்று புலம்புவோரையும் நம்புவதில்லை. பொத்தான் விரல்களின் வேலையைக் குறைத்தது. எந்தக் கட்டையில் காலூன்றலாம், எங்கே கூடாது என்னும் அறிவைச் செவியிடமும் மனத்திடமும் அது முன்போலவே விட்டு வைத்திருக்கிறது. இன்றைய சில கருவிகளில் சுரவரிசையை முன்கூட்டியே குறித்துவிட்டால், கருவி தானே காந்தாரத்தைக் கூட்டியோ குறைத்தோ அந்த வரிசைக்குள் நிறுத்திக்கொள்கிறது. பயன் உள்ளதுதான். ஆயினும் அதிலே பழகியவர் ரிஷபத்தில் ஏன் முகம் வாடுகிறது என்று கேட்க வாய்ப்பின்றிப் போகிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. அதுவே நுட்பமானது. தேர்ந்த ஒருவர் தம் கையால் ஷட்ஜக் கூட்டிலிருந்து மத்தியமக் கூட்டுக்குச் செல்லும்போது மூன்று விரல்களையும் தூக்கி எறிவதில்லை. ஷட்ஜம் இரண்டு கூட்டுக்கும் பொது. அது அசையாமல் நிற்கும். காந்தாரம் ஓர் அரைச்சுரம் நகர்ந்து மத்தியமமாகும். பஞ்சமம் தைவதத்துக்கு ஏறும். ஒருவர் நிற்க, ஒருவர் மெல்ல அடியெடுத்து வைக்க, மற்றவர் சற்றே விரைய, மூவர் உரையாடிக்கொண்டு செல்வது போன்ற நடை அது. சேமித்த கூட்டிலோ மூன்று சுரங்களும் ஐந்து அரைச்சுரம் சேர்ந்து தாவும். ஒரே பலகையில் அறைந்த மூன்று பொம்மைகளைப் பலகையோடு நகர்த்தியது போல! உரையாடல் அங்கே இல்லை.

ஐரோப்பியர் இந்தச் சிக்கலைச் சிந்தசைசர் பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தனர். 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'மூசிக்கா என்கிரியாதிஸ்' என்னும் இலத்தீன் இசைநூல், தேவாலயப் பாட்டின் மெட்டுக்கு இணையாக, நான்கு அல்லது ஐந்து சுரம் தள்ளி, மற்றொரு குரலும் அதே மெட்டைப் பாடிச் செல்லும் முறையை விளக்குகிறது. பிற்காலத்து இலக்கணிகளோ இரண்டு குரல்கள் பஞ்சம இடைவெளியில் இணையாகச் செல்லுதல் ஆகாது என்று விதி செய்தனர். அவர்கள் கூறிய காரணம் கருதத் தக்கது. அப்படிச் செல்லும் குரல்கள் தத்தம் தனித்தன்மையை இழந்து ஒன்றில் ஒன்று கரைந்துவிடுகின்றன; இரண்டு பேர் பாடுவது போல் இல்லாமல் ஒருவரே தடித்த குரலில் பாடுவது போல் ஆகிறது.

குற்றம் என்று சொல்லப்பட்ட அந்தக் கரைவையே குணமாகக் கொண்டவர்களும் வந்தனர். பிரெஞ்சு இசை மேதை டெபுஸ்ஸி, 1910-இல் வெளியான 'மூழ்கிய தேவாலயம்' என்னும் பியானோ இசையில், கனத்த கூட்டுகளை அப்படியே இணையாக நகர்த்தி மணியோசையையும் கடலையும் நினைப்பூட்டுகிறார். 1980-களின் பிற்பாதியில் சிகாகோ, டெட்ராய்ட் நகரங்களில் எழுந்த மின்னணு நடன இசையில், ஒரு சிறுகூட்டைச் சேமித்து ஒரே விரலால் மேலும் கீழும் நகர்த்துவது ஓர் அடையாளமாகவே நிலைத்தது. எல்லா இடத்திலும் சிறுகூட்டே வருவதால் ராகம் சிதைகிறது; அந்தச் சிதைவில்தான் அந்த இசைக்குரிய நிறம் இருக்கிறது. எனக்கு அந்த நடன இசை நெடுநேரம் கேட்க இயலாதது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் அறியாமல் செய்யவில்லை, அறிந்தே செய்தார்கள்.

கூட்டு எப்போது கரைந்து ஒரே ஓசையாகிறது? இங்கேதான் அடுக்குதல் என்னும் இரண்டாம் வழிக்கு வாயில் திறக்கிறது. இயற்பியல் வகுப்பில் மேற்சுரங்களைப் பற்றிப் படித்திருப்பீர்கள். நொடிக்கு 240 முறை அதிரும் ஒரு கம்பி 240-ஐ மட்டும் ஒலிப்பதில்லை; 480, 720, 960, 1200 என்று அதன் மடங்குகளையும் உடன் ஒலிக்கிறது. 240 ஷட்ஜமானால் 480 மேல் ஷட்ஜம், 720 அதற்கு மேலுள்ள பஞ்சமம், 960 அதற்கும் மேல் ஷட்ஜம், 1200 அந்தர காந்தாரம். ஒரே கம்பிக்குள் ஒரு பெருங்கூட்டு ஒளிந்திருக்கிறது! நம் செவி இவற்றைத் தனித்தனியாக எண்ணுவதில்லை. யாவற்றையும் சேர்த்து 'இது வீணை', 'இது குழல்' என்று நாதத்தின் குணமாகவே கொள்கிறது. மேற்சுரம் நிற்க வேண்டிய இடத்தில் நாம் ஒரு சுரத்தை மெல்ல அடுக்கினால், செவி அதையும் அந்தக் குணத்தில் சேர்த்துக்கொள்ளும்.

இதற்கு மிகச் சிறந்த சான்று சிந்தசைசரில் இல்லை. ராவெல் 1928-இல் இயற்றிய 'பொலெரோ' என்னும் வாத்தியக் குழு இசையில் இருக்கிறது. அதில் ஒரே மெட்டு ஒவ்வொரு வாத்தியமாகக் கைமாறிக்கொண்டே வரும். நடுவே ஓரிடத்தில் ஹார்ன் என்னும் பித்தளை ஊதுகருவி மெட்டை ஷட்ஜத்தில் வாசிக்கிறது. செலஸ்தா என்னும் மணிக்கருவி மேல் ஸ்தாயிகளில் அதையே வாசிக்கிறது. இரண்டு சிறு குழல்களில் ஒன்று அதே மெட்டைப் பஞ்சமத்தை ஆதாரமாகக் கொண்டும், மற்றொன்று காந்தாரத்தை ஆதாரமாகக் கொண்டும் வாசிக்கின்றன. மூன்று சுருதியில் மூன்று மெட்டு! தாளில் பார்த்தால் பெருங்குழப்பம். நாம் மேலே கண்ட அயல் சுரங்கள் யாவும் அதில் உண்டு. கேட்டாலோ குழப்பமே இல்லை. குழல்கள் மெல்ல ஒலிப்பதாலும், அவை ஹார்னின் மேற்சுர இடங்களில் சரியாக அமைவதாலும், யாவும் கூடி இதுவரை கேட்டிராத ஒரு புதுக் கருவி பாடுவதாகவே தோன்றுகிறது. சுரக்கூட்டு நினைவுப் பொத்தான் பிறப்பதற்கு 53 ஆண்டுகளுக்கு முன்பு, மனிதர்களைக் கொண்டு ராவெல் அதைச் செய்து முடித்தார்.

அமெரிக்காவில் 1935-இல் வெளிவந்த ஹாமண்டு மின் ஆர்கன் இந்தக் கொள்கையை அன்றாடப் பொருளாக்கியது. ஒலிக்கும் ஒவ்வொரு கட்டையின் மேலும் ஒன்பது ஓசைகளை எவ்வெவ்வளவு சேர்ப்பது என்பதை ஒன்பது இழுப்புச் சட்டங்களால் அளந்துகொள்ளலாம். அடிச்சுரம், மேல் ஸ்தாயி, அதன் பஞ்சமம், காந்தாரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டம். பஞ்சமச் சட்டத்தைச் சிறிது இழுத்தால் அது நிறம்; முழுதும் இழுத்து மற்றவற்றைத் தாழ்த்தினால் அது தனிச் சுரமாகக் கேட்கத் தொடங்கும். நிறத்துக்கும் சுரத்துக்கும் இடையே உள்ள எல்லை அந்தச் சட்டத்தின் அளவில் இருக்கிறது.

அடுக்குவதில் மிக எளியது ஒரே சுரத்தின்மேல் அதே சுரத்தை அடுக்குதல். பாலிசிக்ஸின் ஆறு குரல்களையும் ஒரே கட்டையில் குவிக்கவும் வழி உண்டு. ஆறும் அச்சாக ஒன்றானால் ஓசை உரக்கும், அவ்வளவே. அவற்றுள் சிறு வேறுபாடு இருந்தால்தான் உயிர் வரும். 440 அதிர்வுள்ள சுரத்தோடு 442 அதிர்வுள்ள சுரத்தைச் சேர்த்தால் நொடிக்கு இரண்டு விம்மல்கள் எழும் என்பதை இசைக்கவைகளைக் கொண்டு ஆய்வகத்தில் கேட்டிருப்பீர்கள். ஆறு குரல்கள் ஒவ்வொன்றும் இம்மியளவு விலகியிருக்கும்போது, அவற்றுக்கிடையே விம்மல்கள் பலவாகப் பின்னி, பலர் சேர்ந்து பாடும் கூட்டுக்குரலின் இயல்பு உண்டாகிறது. விலகல் மிகுந்தால் அதுவே சுருதி கெட்ட பாட்டு.

விம்மலைப் பற்றிப் பேசும்போது, சேமித்த கூட்டு சில வேளை காதைக் குத்துவதன் காரணமும் விளங்குகிறது. கட்டையுள்ள கருவிகளில் ஸ்தாயியைப் பன்னிரண்டு சமப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். 240-ஐ ஷட்ஜமாகக் கொண்டால் இயற்கையான காந்தாரம் 300. சமப்படுத்திய காந்தாரமோ 302.4. சிறு வேறுபாடுதான். ஆனால் ஷட்ஜத்தின் ஐந்தாம் மடங்கு 1200. இந்தக் காந்தாரத்தின் நான்காம் மடங்கு 1209.5. இவ்விரண்டும் மோதி நொடிக்கு ஒன்பது, பத்து விம்மல்களை எழுப்புகின்றன. பஞ்சமத்தில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. அங்கே நொடிக்கு ஒரு விம்மல்கூட நிறைவதில்லை. இதனாலேயே அனுபவமுள்ளோர், மேற்சுரங்கள் மலிந்த கூரிய ஒலியில் ஷட்ஜ பஞ்சமத்தை மட்டும் சேமிப்பர். காந்தாரத்தையும் சேர்க்க வேண்டுமானால் வடிகட்டியைத் தாழ்த்தி மேற்சுரங்களை அடக்கிக்கொள்வர். மடங்குகள் ஒடுங்கினால் மோதலும் ஒடுங்கும்.

கீழ் ஸ்தாயிக்குப் போனால் வேறொரு தொல்லை. 65 அதிர்வுள்ள சுரத்தையும் அதன் காந்தாரமாகிய 82 அதிர்வையும் சேர்த்தால், இரண்டுக்கும் இடையே 17 அதிர்வுகளே உள்ளன. செவி அவற்றைப் பிரித்தறியத் தடுமாறுகிறது. சேற்றில் கால் வைத்தது போல் ஓசை கலங்குகிறது. நடு ஸ்தாயியில் இனிமையாக இருந்த அதே கூட்டு இங்கே கெட்டது கருவியின் குற்றமன்று. தொலைவுகளை மட்டும் நினைவில் வைத்திருக்கும் கருவிக்குத் தான் எந்த ஸ்தாயியில் நிற்கிறோம் என்னும் கவலை இல்லை. எனவே சேமிக்கும்போதே காந்தாரத்தை ஒரு ஸ்தாயி மேலே தூக்கி, 0, 7, 16 என்று விரித்துச் சேமிப்பது அறிவுடைமை. இயற்கையின் மேற்சுர வரிசையிலும் கீழே அகன்ற இடைவெளியும் மேலே நெருங்கிய இடைவெளியும் இருப்பதைச் சற்று முன்பு பார்த்தோம் அல்லவா?

சுரங்களை அடுக்குவது போலவே வெவ்வேறு ஒலிகளையும் அடுக்கலாம். 1983 சனவரியில் கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், அமெரிக்கக் கருவி ஒன்றையும் ஜப்பானியக் கருவி ஒன்றையும் ஒரு கம்பியால் இணைத்து, ஒன்றில் வாசிக்க மற்றொன்றும் ஒலிப்பதைக் காட்டினர். மிடி என்னும் பொதுமொழி அன்றுதான் மேடையேறியது. நான் மேலே நடு ஷட்ஜத்துக்கு 60 என்று எண் கொடுத்தேனே, அது மிடியின் எண்ணே. ஒரு கருவியின் தந்தி ஒலியும் மற்றதன் மணியோசையும் ஒரே விரலுக்குக் கட்டுப்பட்டன. ஆர்மோனியத்துக் கப்ளர் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நீண்டது போல என்று கொள்ளலாம்.

1987-இல் வந்த ரோலண்டு டி-50 இந்த அடுக்கைக் கருவிக்குள்ளேயே நுட்பமாகச் செய்தது. பதிவு செய்த ஓசையின் தொடக்கத்தை வெட்டிவிட்டுக் கேட்டால், அது எந்த வாத்தியம் என்று சொல்ல நம் செவி திணறும். வாத்தியத்தின் முகம் அதன் தொடக்கத்தில் இருக்கிறது. எனவே அந்தக் கருவி, உண்மை வாத்தியங்களிலிருந்து பதிவு செய்த சிறு தொடக்கத்தை முன்னே வைத்து, அதன்பின் மின்னணுவால் ஆக்கிய நீண்ட நாதத்தை அடுக்கியது. தட்டும் ஓசை உண்மை. நீளும் ஓசை ஆக்கியது. செவி இரண்டையும் ஒன்றெனக் கொண்டது.

எல்லா அடுக்குக்கும் ஒரு விலை உண்டு. டி-50-இல் ஒரே ஒலியானால் 16 குரல்கள். இரண்டை அடுக்கினால் எட்டு. 1988-இல் வந்த கோர்க் எம்-1 கருவியில் எட்டு ஒலிகள் வரை அடுக்கலாம். அதிலும் குரல்கள் 16 என்பதால், எட்டடுக்கு வைத்தவர் இரண்டு கட்டைகளோடு நின்றுவிட வேண்டும். மூன்றாவது கட்டையைத் தொட்டவுடன் முதலில் ஒலித்த சுரங்கள் அறுந்து போகும். இன்றைய கருவிகளில் குரல்கள் நூற்றுக்கு மேல் இருப்பதால் இந்த எல்லை எளிதில் தட்டுப்படுவதில்லை. ஆனாலும் அடுக்கிய ஒலிகள் யாவும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே அளவில் ஒலித்தால், பத்துப் பேர் ஒரே குடையின் கீழ் நிற்பது போல் இருக்கும். ஒன்று விரைந்து தோன்றி மறைய வேண்டும். ஒன்று மெல்ல எழுந்து நீள வேண்டும். ஒன்று கீழ் ஸ்தாயியையும் மற்றொன்று மேல் ஸ்தாயியையும் காக்க வேண்டும். மற்ற இரண்டையும் நிறுத்திவிட்டு ஒன்றைத் தனியே கேட்டு, அது இல்லாவிடில் எது குறையும் என்று பாருங்கள். எதுவும் குறையாவிடில் அந்த அடுக்கை எடுத்துவிடலாம்.

நேரம் நெருங்குகிறது, தலைமையாசிரியராக இருந்தவனிடம் வீட்டுக் கணக்கு இல்லாமல் போகாது. பெருங்கூட்டு மூன்று இடங்களிலும் சிறுகூட்டு மூன்று இடங்களிலும் பொருந்தியதைக் கண்டோம். இப்போது காந்தாரத்தை நீக்கிவிட்டு, ஷட்ஜம், சுத்த மத்தியமம், பஞ்சமம் மூன்றையும், அதாவது 0, 5, 7 என்னும் கூட்டைச் சேமியுங்கள். பெருங்கூட்டா சிறுகூட்டா என்று முகம் காட்டாத கூட்டு இது. சங்கராபரணத்தின் ஏழு சுரங்களிலும் இதனோடு ஒற்றை விரலால் நடந்தால் ஐந்து இடங்களில் அயல் சுரம் வராது. இடம் தராத அந்த இரண்டு சுரங்கள் எவை, அங்கே நுழையும் அயலார் யார் என்பதைக் கருவி இருப்பவர்கள் வாசித்தும், இல்லாதவர்கள் தாளில் கூட்டியும் கண்டுபிடியுங்கள்.